விட்டுப்போன இரண்டெழுத்து

மாரிசெல்விக்குப் பறவைப் பைத்தியம் என்று அவள் வேலை பார்த்த கம்பெனியில் சொல்வார்கள். பைத்தியமும் இல்லை, பக்தியும் இல்லை. அவளுக்கு எண்ணுகிற புத்தி, அவ்வளவுதான். எட்டு வருஷமாகக் காருக்கு மாட்டுகிற பக்கக் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல் உண்டா, குமிழ் உண்டா, நல்லது எத்தனை, கழிவு எத்தனை என்று சொல்லிக்கொண்டிருந்தவள். அந்தக் கண்ணை ஞாயிற்றுக்கிழமை அறையில் கழற்றி வைத்துவிட்டா வர முடியும்? சித்தேரிக் கரையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அது எண்ணிக்கொண்டுதான் நிற்கும்.

ஊர் கழுகுமலைப் பக்கம். டிப்ளமோ முடித்த கையோடு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ஒரகடம் வந்தாள். இப்போது முப்பத்தொன்று ஆகிறது. வல்லம் வடகாலில் ஒரு மாடி அறை, கூட இரண்டு பெண்கள், ஒரு காஸ் அடுப்பு. வேலை ஒப்பந்தத்தில்தான். வருஷா வருஷம் ஏப்ரலில் நிரந்தரம் செய்வோம் என்பார்கள். எந்த வருஷத்து ஏப்ரல் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

கம்பெனியின் பின்சுவரிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் சித்தேரி. நாற்பது ஏக்கர் இருக்கும். ஒரு பக்கம் கிடங்குகள், ஒரு பக்கம் லாரி நிறுத்துகிற மைதானம். வயலெல்லாம் தொழிற்சாலை ஆன பிறகு அந்தத் தண்ணீரைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. மனிதர்கள் கேட்காவிட்டால் என்ன, பறவைகள் கேட்டன. ஏரிக்குள் தண்ணீரிலேயே நிற்கிற கருவேல மரங்கள் உண்டு. யாரோ ஒரு காலத்தில் அரசாங்கச் செலவில் நட்டவை. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியதும் நத்தைகுத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் அந்த மரங்களுக்கு வந்து இறங்கிவிடும். பங்குனி வரைக்கும் அங்கேதான் கூடு, முட்டை, குஞ்சு, சண்டை எல்லாம்.

அந்த மரங்களைக் காப்பாற்றப் போய் மாரிசெல்வி வேலையை இழந்தாள் என்று கதை சொல்கிறார்கள். பாதிதான் சரி. அவள் முதலில் அந்த மரங்களை வெட்டியவள். அதைச் சொல்லாமல் மீதியைச் சொன்னால் அவளே ஒத்துக்கொள்ள மாட்டாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு தை மாதத்து ஞாயிறு. கம்பெனி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ‘கருவேலம் ஒழிப்பு. தன்னார்வலர்கள் வரலாம். டி-ஷர்ட், தொப்பி, மதியம் பிரியாணி.’ அந்த வாரம் ஓ.டி. இல்லை. அறுபது பேர் கிளம்பிவிட்டார்கள். பாதிக்கு மேல் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர்ப் பிள்ளைகள். அவர்கள் ஊரில் கரட்டையும் கண்மாயையும் பிடித்துக்கொண்ட முள்மரத்துக்குப் பெயர் சீமைக்கருவேலம். ஆனால் அத்தனை நீளப் பெயரை யார் சொல்வது? ‘சீமை’யை விட்டுவிட்டுக் கருவேலம் என்பார்கள், இன்னும் சோம்பல் பட்டால் கருவை என்பார்கள். தாளில் எழுதியவரும் அதே சோம்பலில்தான் எழுதியிருந்தார். மாரிசெல்வியோ தீப்பெட்டி ஆபீஸ் காலனியில் வளர்ந்தவள். அசல் கருவேலத்தை அவள் அதுவரை பல்பொடி பாக்கெட்டில்தான் படித்திருந்தாள்.

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாரும் அன்று வரவில்லை. வந்திருந்தால் தப்பு நடந்திருக்காது. ஏனென்றால் இங்கே சீமைக்கருவேலத்துக்கு வேறு பெயர். வேலிகாத்தான் என்பார்கள். கருவேலம் என்றால் கருவேலம்தான்.

கரையில் இருந்த வேலிகாத்தானை மற்ற குழுக்கள் எடுத்துக்கொண்டன. மாரிசெல்விக்குப் பன்னிரண்டு ஆட்களும் ஓர் இயந்திர ரம்பமும் கிடைத்தன. தெற்குப் பக்கம் முழங்கால் தண்ணீர், அடியில் கெட்டித் தரை. இறங்கினாள். எதிலும் அரைகுறை அவளுக்குப் பிடிக்காது. மத்தியானத்துக்குள் பதினான்கு மரங்களைச் சாய்த்தார்கள். ஐந்தாவது மரத்தில் சுள்ளிக் கூடு ஒன்று விழுந்தபோது, காக்காய்க் கூடு என்று ஒருவன் சொன்னான். எல்லோரும் நம்பினார்கள், அவளும் நம்பினாள். ஒரு குறையை விளக்கடியில் பத்து வினாடி பார்க்கிறவள், அன்றைக்குக் குனிந்து பார்க்கவில்லை. கடைசி மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, அரிவாளைத் தோளில் சாய்த்து, பல் தெரியச் சிரித்தாள். கம்பெனிப் புகைப்படக்காரர் எடுத்தார்.

அப்போதுதான் செங்கமலம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்தாள். நாற்பது வயது, பக்கத்து ஊர்க்காரி. ஒரு கம்பெனியில் துப்புரவு வேலை, ஓய்ந்த நேரத்தில் ஆறு ஆடு. ஏரியைப் பார்த்ததும் ஆட்டை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

“இன்னாமே பண்ணி வெச்சிகீறீங்க? கருவேலத்த எதுக்கு வெட்னீங்க?”

“கருவேலத்தத்தான வெட்டச் சொன்னாங்க” என்றாள் மாரிசெல்வி.

“ஒழிக்கச் சொன்னது வேலிகாத்தான. அது கரைமேல கீது பாரு. இது கருவேலம். தண்ணியிலயே நிக்கும், வருசா வருசம் இதுலதான் கூடு கட்டும். கண்ணு அவிஞ்சா பூட்ச்சி உனக்கு?”

சொல்லிக்கொண்டே சேற்றில் கை விட்டு எதையோ எடுத்தாள். இறகு முளைக்காத வக்காக் குஞ்சு. இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை மாரிசெல்வியின் புது டி-ஷர்ட்டின் முன்பக்கத்தில் வைத்து, துணியை மடித்து அவள் கையிலேயே பிடிக்கக் கொடுத்தாள்.

“இந்தா. டி-ஷர்ட்டு குட்த்தாங்க, பிரியாணி குட்த்தாங்க இல்ல. இதையும் எட்த்துக்கினு போ.”

குஞ்சு சாயங்காலம் வரைக்கும் தாங்கவில்லை. மாரிசெல்வி அன்று பிரியாணி சாப்பிடவில்லை. அதற்கப்புறமும் ரொம்ப நாள் சாப்பிடவில்லை. வெட்கம் என்று ஒன்று உண்டே, அது பசியைவிடப் பொல்லாதது. அடுத்த ஞாயிறு தனியாகவே ஏரிக்குப் போனாள். செங்கமலம் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்க்கும்போதெல்லாம் திட்டினாள். அந்தத் திட்டிலிருந்து மாரிசெல்வி வேண்டியதைப் பொறுக்கிக்கொண்டாள். கருவேலத்துக்குப் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்தது போல இருக்கும். வேலிகாத்தானுக்குப் பூ நீளம், காயும் நீளம். இவ்வளவுதான் வித்தியாசம், இது தெரியாமல்தானா பதினான்கு மரம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

நொந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தக் கதை எழுத வேண்டியதில்லை. ஒரு மாதத்தில் அந்தோணிராஜைச் சேர்த்துக்கொண்டாள். அதே கம்பெனியில் வெல்டர், தூத்துக்குடிக் கடற்கரைக்காரன், மீனைப் போல நீந்துவான். அவன் நான்கு பேரை இழுத்து வந்தான். திட்டிக்கொண்டே செங்கமலமும் வந்தாள். டி-ஷர்ட்டும் கிடையாது, பிரியாணியும் கிடையாது. ஞாயிறு காலை ஆறரைக்கு வர வேண்டும், பத்து மணிக்கு வெயில் ஏறியதும் போகலாம். கரையில் வேலிகாத்தானை வேரோடு பிடுங்கினார்கள். ஆகாயத்தாமரையைக் கயிறு கட்டி இழுத்துப் போட்டார்கள். கிளைகளில் சிக்கிக் கிடந்த தூண்டில் நரம்பை அறுத்து எடுத்தார்கள். அதில் கால் மாட்டித் தொங்கிச் செத்த நீர்க்காகங்களை அந்தோணிராஜ் எடுத்துப் புதைத்தான். வெட்டிய பதினான்குக்குப் பதில் பதினான்கு கருவேலங்கன்று நட்டதில் ஒன்பது பிழைத்தன. கூடு கட்டுகிற காலத்தில் ஒருவரும் மரத்தை நெருங்கக் கூடாது, கரையில் நின்று தொலைநோக்கியில் எண்ணுவதோடு சரி என்று மாரிசெல்வி சட்டம் போட்டாள். முதல் வருஷம் எண்ணியபோது எட்டு மரத்தில் கூடு. நான்காவது வருஷம், அதாவது இந்த வருஷம், முப்பத்தொரு மரம்.

இந்த நிலையில்தான் மாசி பிறந்து ஒரு வாரத்தில் கம்பெனி வாசலில் ஒரு பேனர் வைத்தார்கள். பதினைந்து அடி உயரம். ‘கருவேலம் ஒழிப்போம், சித்தேரியை மீட்போம்.’ அதன் நடுவே, சாய்ந்த மரத்தின் மேல் கால் வைத்து, அரிவாளோடு சிரித்தபடி மாரிசெல்வி.

கம்பெனி பேருந்திலிருந்து இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். பின்னால் இறங்கியவர்கள், “செல்விக்கா, சூப்பரா இருக்கீங்க” என்று சொல்லிக்கொண்டே போனார்கள். அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. தான் செய்த பாவத்துக்குத் தன் மூஞ்சியையே விளம்பரமாக ஒட்டியிருக்கிறார்கள். யாருக்குத்தான் ஆத்திரம் வராது?

உணவு இடைவேளையில் நேராக மனிதவள மேலாளர் ராஜசேகரின் அறைக்குப் போனாள். ஏரி வேலையும் அவர் பொறுப்புதான். நல்ல மனிதர், யாரையும் அதட்ட மாட்டார். சிரித்துக்கொண்டே மறுப்பார்.

“வாங்க மாரிசெல்வி. நீங்கதான் எங்க ஸ்டார்” என்றார். மேசைமேல் ஒரு வண்ணப்படத்தை விரித்தார். ஏரியைச் சுற்றி நடைபாதை, எஃகு பெஞ்சு, நின்று படம் எடுத்துக்கொள்ள இதய வடிவத்தில் ஒரு வளைவு. ஏரிக்குள் ஒரு மரம்கூட இல்லை. பக்கத்தில் ஊராட்சியின் அனுமதிக் கடிதம். ‘ஏரியில் உள்ள கருவேல மரங்களை அகற்றி’ என்று தொடங்கியது. கம்பெனி எழுதிக் கொடுத்ததை ஊராட்சி அப்படியே தட்டச்சு செய்திருந்தது.

“சார், இதுல சீமைங்கிற வார்த்தை விட்டுப்போச்சு. சீமைக்கருவேலம் கரையில மட்டுந்தான் இருக்கு. ஏரிக்குள்ள நிக்கது நாட்டுக் கருவேலம். முப்பத்தோரு மரத்துல கூடு இருக்கு. குஞ்சு இருக்கு.”

“ரெண்டெழுத்துதானேம்மா. அதுக்குப் போய்…”

“ரெண்டெழுத்துலதான் சார் நானும் பதினாலு மரத்த வெட்டினேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை ஜேசிபி வருகிறது என்றார். மார்ச்சுக்குள் முடித்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் இந்த வருஷத்து நிதி திரும்பிவிடும் என்றார். பறவைகள் எங்கேயாவது போய்க்கொள்ளும், வேடந்தாங்கல் பக்கத்தில்தானே இருக்கிறது என்றார்.

“பெரிசு போகும் சார். குஞ்சு எப்பிடிப் போகும்? சரி, அந்தப் பேனரயாவது எடுங்க.”

“ஏன், அழகாத்தானே இருக்கு” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டிருந்தால் அவள் ஒருவேளை கெஞ்சியிருப்பாள். சிரித்ததும் அவளுக்குக் கெஞ்சுகிற எண்ணமே போய்விட்டது. உற்பத்தி லைனுக்குத் திரும்பி வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். எதிரே இழுப்பறையில் மஞ்சள் அட்டைப் புத்தகம் கிடந்தது.

அந்த மஞ்சள் அட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் அதற்குப் பெயர் ஹோல்டு டேக். ஒரு பொருளில் சந்தேகம் வந்தால் சோதிக்கிறவர் அதில் அந்த அட்டையைக் கட்டிவிடுவார். பொருள் என்ன, எத்தனை, எதற்காக நிறுத்தினேன், எப்போது விடலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கட்டியவர் கையெழுத்துப் போட்டு விடுவிக்கும்வரை அதை யாரும் நகர்த்தக் கூடாது. மேனேஜர் ஆகட்டும், முதலாளியே ஆகட்டும், தொடக் கூடாது. இதை மீறி வேலை போனவர்கள் எத்தனையோ பேர். சேர்ந்த முதல் நாள் பயிற்சியிலேயே இதைத்தான் மண்டையில் ஆணி அடித்து இறக்குவார்கள். மாரிசெல்வி ஒருமுறை அறுநூறு கண்ணாடிகளுக்கு டேக் போட்டுவிட்டு, உற்பத்தி மேனேஜர் முகத்துக்கு நேரே கத்தியும் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தவள்.

சனிக்கிழமை மூன்றரைக்கு ஷிப்ட் முடிந்தது. அவள் பையில் ஐம்பது அட்டை கொண்ட புத்தகம் ஒன்று இருந்தது. கிடங்குப் பதிவேட்டில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தாள். திருடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“யக்கா, இது வம்பு” என்றான் அந்தோணிராஜ். “கம்பெனி டேக்க மரத்துல கட்டுனா ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“அனுப்பட்டும். நீ வாரியா, வரலையா?”

“வரலன்னா சொன்னேன்?” என்று அவன் பேண்டை மடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினான்.

கூடு கட்டும் காலத்தில் மரத்தை நெருங்கக் கூடாது என்று சட்டம் போட்டவளே அதை மீறினாள். ஒரு மரத்துக்கு இரண்டு நிமிஷம்தான் என்று கணக்கு வைத்துக்கொண்டு, பேசாமல், கையை உயர்த்தாமல், தலையிலும் முதுகிலும் எச்சம் விழ விழ இருவரும் முப்பத்தொரு மரத்தையும் முடித்தார்கள். ஒவ்வொரு அட்டையையும் கரையிலேயே எழுதி வைத்திருந்தாள். ‘பொருள்: நாட்டுக் கருவேலம். குறை: இல்லை. எண்ணிக்கை: கூடு 6, குஞ்சு 11. விடுவிக்கும் நிபந்தனை: கடைசிக் குஞ்சு பறந்த பின். நிறுத்தியவர்: மா. மாரிசெல்வி.’ எண்ணிக்கை மட்டும் மரத்துக்கு மரம் மாறும். பொழுது சாய்கிற நேரத்தில் கரையேறித் திரும்பிப் பார்த்தால் ஏரிக்குள் மஞ்சள் மஞ்சளாக ஆடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜேசிபி வந்தது. ஓட்டி வந்தவன் லோகேஷ், இருங்காட்டுக்கோட்டைக்காரன். கூடவே ரம்பத்தோடு பத்துக் கூலியாட்கள், ஒரு மேஸ்திரி. கரையில் மாரிசெல்வியும் அந்தோணிராஜும் செங்கமலமும் இன்னும் ஏழெட்டுப் பேரும் நின்றார்கள். யாரும் வழியை மறிக்கவில்லை. மாரிசெல்விதான் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள்.

லோகேஷ் வண்டியைத் தெற்குப் பக்கமாக இறக்கி, முதல் மரத்துக்கு நேராகக் கொண்டுபோய் இயந்திரக் கையைத் தூக்கினான். தூக்கிய கை அப்படியே நின்றது. இன்ஜினை அணைத்தான். குதித்து, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் அட்டையைத் தொடாமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து படித்தான். பிறகு அடுத்த மரம். பிறகு அடுத்தது.

“இன்னாடா புட்ச்சிகினு நிக்கிற? தள்ளு” என்று மேஸ்திரி கரையிலிருந்து கத்தினார்.

“ஹோல்டு டேக் போட்டுகீது மேஸ்திரி.”

“அத்தப் பிச்சிப் போட்டுட்டுத் தள்ளுடா.”

“நீ வந்து பிச்சிக்கோ. நான் மூணு வர்சம் லைன்ல இருந்தவன். டேக் போட்ட பீஸ நகத்தினான்னு என் பிரெண்டு ஒருத்தன அன்னிக்கே கேட்டுக்கு வெளில தள்ளிட்டானுங்க. நான் கைய வெக்க மாட்டேம்பா.”

மேஸ்திரி கூலியாட்களைப் பார்த்தார். அவர்களிலும் ஆறு பேர் ஏதோ ஒரு கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்தவர்கள்தான். ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கரையோரம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். செங்கமலத்துக்கு இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“நாங்க இத்தினி வருசம் கத்தினோம், ஒருத்தன் கேக்கல” என்றாள். “ஒரு மஞ்ச அட்டைக்கி இந்த மரியாதயா?”

ஒன்பது மணிக்கு ராஜசேகர் காரில் வந்து இறங்கினார். விவரம் தெரிந்ததும் மாரிசெல்வியிடம் வந்தார். சிரிப்பு அப்போதும் போகவில்லை, கொஞ்சம் இறுகியிருந்தது.

“இது கம்பெனி டேக். மரத்துக்குப் போடறதுக்கு இல்ல.”

“கம்பெனி வேலைதான சார் இது? கம்பெனி பேனருதான? கம்பெனி வேலையில தப்பு இருந்தா நிறுத்தச் சொல்லித்தான் எனக்குச் சம்பளம்.”

“எடுங்க மாரிசெல்வி.”

“குஞ்சு பறந்த அன்னிக்கு நானே எடுப்பேன் சார். அட்டையிலயே எழுதியிருக்கேன்.”

அவர் ஏரியைப் பார்த்தார். இறங்கித் தானே பிய்த்து எறிந்திருக்கலாம், யார் தடுத்தார்கள்? ஆனால் ஜேசிபிக்காரன் முதல் கூலியாள் வரைக்கும் இருபது பேர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். டேக்கைத் தொடாதே என்று வருஷா வருஷம் மேடையேறிச் சொல்கிறவர் அவர். அந்தக் கையாலேயே பிய்ப்பதை இருபது பேர் செல்போனில் எடுப்பார்கள். காரில் ஏறி ஊராட்சிச் செயலரைப் பார்க்க அவர் வீட்டுக்குப் போனார்.

போனவருக்கு அங்கே இன்னொரு சங்கடம் காத்திருந்தது. செங்கமலமும் ஊர்ப் பெண்கள் ஒன்பது பேரும் சனிக்கிழமை மாலையே செயலரிடம் போய், மாரிசெல்வி தன் பெயரில் எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆட்சேபணை மனுவைக் கொடுத்திருந்தார்கள். கடிதத்தில் ‘சீமை’ இல்லை என்பதைச் செயலர் அப்போதுதான் கவனித்திருந்தார். கடிதத்தின்படி வெட்டப்போவது நாட்டு மரம் என்று ஆகிறது, ஆட்சேபணை வேறு இருக்கிறது, இனி வனத்துறையினர் வந்து பார்க்காமல் ஒரு கிளையைக்கூடத் தொட முடியாது என்றார். வந்து பார்க்க ஒன்றரை மாதமாவது ஆகும். மனு போட்டவர் திரும்பப் பெற்றுக்கொண்டால் மட்டும் நாளைக்கே வேலையைத் தொடங்கலாம்.

ஆக, முப்பத்தொரு மரமும் அதில் இருந்த குஞ்சுகளும் இப்போது ஒரே ஒரு கையெழுத்தில் நின்றன. அதுவும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருத்தியின் கையெழுத்து.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்து வைத்து என்ன ஆகப்போகிறது. மரங்கள் நிற்கின்றன. நிதி திரும்பிப் போனது. மாரிசெல்வியின் வேலை போய்விட்டது. இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனியில் பிளாஸ்டிக் மூடி எண்ணுகிறாள். ஆனால் அந்த வாரம் புதன்கிழமை ராஜசேகரின் அறையில் நடந்ததைச் சொல்லாமல் முடித்தால் அவளைப் பற்றி ஒன்றும் சொன்னதாகாது.

அவர் கதவைச் சாத்தச் சொன்னார். காபி வரவழைத்தார். பிறகு இரண்டு தாள்களை அவள் பக்கம் தள்ளினார். ஒன்று, ஏப்ரல் முதல் நிரந்தரமாகிறவர்களின் பட்டியல். ஏழாவது பெயர் அவளுடையது. இன்னொன்று தட்டச்சு செய்த கடிதம். ‘தவறுதலாக டேக் கட்டிவிட்டேன். மன்னிப்புக் கோருகிறேன். ஊராட்சியில் கொடுத்த ஆட்சேபணையைத் திரும்பப் பெறுகிறேன்.’ கீழே கையெழுத்துக்கு இடம்.

“ஒரு கையெழுத்துதான். எட்டு வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தீங்க. வீட்டுல எவ்வளவு சந்தோஷப்படுவாங்க, யோசிச்சுப் பாருங்க.”

அவள் யோசிக்காமல் இல்லை. பட்டியலில் தன் பெயரை இரண்டு முறை படித்தாள். இனிஷியல்கூடச் சரியாக இருந்தது. அம்மாவுக்கு போன் பண்ணிச் சொன்னால் அம்மா முதலில் அழுவாள், அப்புறம் தெரு முழுக்கச் சொல்வாள். ஆசையே இல்லாதவள் போல அவளைக் காட்டினால் அது பொய்.

“மன்னிப்புக் கடிதம் வேணும், அவ்வளவுதான சார்?” என்று கேட்டாள்.

“அவ்வளவுதான்.”

“வெள்ளத்தாள் ரெண்டு தாங்க. நானே எழுதுதேன். கார்பன் தாள் இருந்தா அதுவும் குடுங்க.”

அவருக்கு நிம்மதி. எடுத்துக் கொடுத்தார். அவள் பத்து நிமிஷம் தலையைத் தூக்காமல் எழுதினாள். எழுதி முடித்து அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

‘அனுப்புநர்: மா. மாரிசெல்வி, ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், ஏ ஷிப்ட். பெறுநர்: மனிதவள மேலாளர் அவர்கள். பொருள்: தவறுக்கு மன்னிப்புக் கோருதல் தொடர்பாக. ஐயா, வணக்கம். நான்கு வருடங்களுக்கு முன் கம்பெனி சார்பில் சித்தேரியில் பதினான்கு நாட்டுக் கருவேல மரங்களைச் சீமைக்கருவேலம் என்று நினைத்து வெட்டினேன். அவற்றில் கூடுகள் இருந்தன. குஞ்சுகள் செத்துப்போயின. சரிபார்க்காமல் வெட்டியது என் தவறு. அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வாசலில் உள்ள பேனரில் இருப்பது அந்தத் தவறின் போட்டோ. அதை அகற்ற வேண்டுகிறேன். சென்ற சனிக்கிழமை முப்பத்தொரு மரங்களுக்கு டேக் கட்டியது தவறு அல்ல. சரிபார்த்துத்தான் கட்டினேன். ஆட்சேபணையைத் திரும்பப் பெற மாட்டேன். இப்படிக்கு.’

ராஜசேகர் ஒருமுறை படித்தார். மறுபடியும் மேலே போய்ப் படித்தார். சிரிப்பு இப்போது எங்கேயும் இல்லை.

“நான் கேட்டது இது இல்ல.”

“நான் செஞ்ச தப்பு இதுதான் சார். இதுக்குத்தான் எழுத முடியும்.”

“இந்தப் பேர இப்பவே அடிச்சிடுவேன். நாளையிலருந்து வேலையும் இருக்காது. தெரியுதா?”

“அடிங்க சார்.”

அவர் பேனாவை எடுத்தார். பட்டியலில் ஏழாவது வரியின் மேல் ஒரு கோடு இழுத்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டே எழுந்தாள். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். பிறகு கார்பன் நகலை எடுத்து அவர் முன்னால் விரித்து, கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள்.

“கடிதத்தைப் பெற்றுக்கொண்டேன்னு இங்கன ஒரு கையெழுத்துப் போட்டு, தேதி போடுங்க சார்.”

பேனா ஏற்கெனவே கையில் இருந்தது. இருபது வருஷமாக யார் நகலை நீட்டினாலும் போட்டுப் போட்டுப் பழகிய கை. அவர் போட்டுவிட்டார், தேதியோடு. போட்ட பிறகுதான், கம்பெனி சார்பில் வெட்டியது நாட்டு மரம் என்று சொல்கிற தாளுக்குத் தன் கையெழுத்தே சாட்சியாகிவிட்டது என்று உறைத்து நிமிர்ந்து பார்த்தார்.

மாரிசெல்வி மை காயட்டும் என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு நகலை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஆறிப்போன காபியை நின்றபடியே குடித்துவிட்டு வெளியே வந்தாள்.